இன்ஜின் தாங்கும், டயரைப் பாருங்கள்

கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை சொந்தக் காரில் போகப்போகிறேன் என்று சொன்னால், கேட்பவர் வாயில் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: "வண்டி தாங்குமா?" வண்டி என்று அவர் சொல்வது இன்ஜினை. கிளம்பத் துடிக்கிற பையன்களுக்கும் அதே பயம் உள்ளுக்குள் இருக்கும். ஒரு மாதத்துக்கு முன்பே மெக்கானிக்கிடம் போய் இன்ஜினைத் திறந்து பார்க்கச் சொல்வார்கள். நாலு வருஷம் ஆன டயரைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். டீ சொல்லியாயிற்று, ஆறுவதற்குள் அவசரமில்லாமல் இதைப் பேசிவிடலாம்.

குமரியிலிருந்து ஸ்ரீநகர் சுமார் 3,700 கி.மீ. அத்தனை தூரமும் ஒரே நம்பர் சாலை, தேசிய நெடுஞ்சாலை 44. இந்தச் சாலையின் விசேஷம் என்னவென்றால், காரின் ஒவ்வொரு பாகத்தையும் அது வெவ்வேறு ஊரில் வைத்துச் சோதிக்கும். எங்கே எதற்குப் பாரம் விழுகிறது என்று தெரிந்துவிட்டால் பயத்துக்கு வேலை இல்லை, செய்ய வேண்டிய வேலை மட்டும்தான் மிச்சம்.

முதலில் இன்ஜினைப் பார்த்துவிடுவோம். இன்ஜின் அதிகம் தேய்வது ஓடும்போது இல்லை, கிளம்பும்போது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் எல்லாம் வடிந்து அடியில் உள்ள தொட்டியில் கிடக்கும். காலையில் சாவியைத் திருப்பியதும் அது மேலே ஏறி எல்லா இடத்துக்கும் போய்ச் சேரச் சில நொடிகள் ஆகும். அதுவரை உலோகம் உலோகத்தோடு உரசும். சூடேறும்வரை பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகவே உள்ளே போகும், எரியாத துளிகள் ஆயிலில் கலக்கும், எரிந்ததில் உண்டாகும் நீராவியும் ஆயிலிலேயே தங்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு மூன்று கிலோமீட்டரில் திரும்பி வருகிற காரில் இந்த ஈரம் காய்வதற்கே நேரம் கிடைப்பதில்லை. நெடுஞ்சாலையில் நிலைமை வேறு. கடைசி கியர், மணிக்கு 90 கி.மீ., நிமிடத்துக்கு இரண்டாயிரத்திலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்று, எதிர்க்காற்று ரேடியேட்டர் வழியாக ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். கூலண்ட் 90 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஒரு இன்ஜினுக்கு இதைவிட நிம்மதியான வேலை கிடையாது. சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று பல வருஷம் ஓடிய கார், திருநெல்வேலியைத் தாண்டி நாலுவழிச் சாலையில் ஒரே சீராக ஓட ஆரம்பித்த பிறகு, சத்தமே மாறி மெத்தென்று போவதை நீங்களே காதால் கேட்கலாம்.

அதனால் இன்ஜினுக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஆயில் மாற்றும் கெடு நடுவழியில் வராதபடி கிளம்புமுன்பே மாற்றிவிடுங்கள். பெல்ட், ஹோஸ் இரண்டையும் விரலால் அழுத்தி, வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கூலண்ட். இதில்தான் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று காலை வாரிவிடும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் குழாயைத் திறந்து ஊற்றிவிடுவோம். மதுரையில் அதனால் உடனே எதுவும் ஆகாது, துரு மட்டும் மெதுவாகப் பிடிக்கும். ஸ்ரீநகரில் குளிர்கால ராத்திரி பூஜ்ஜியத்துக்குப் பல டிகிரி கீழே போகும். தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஒன்பது சதவீதம் பெருகும், பெருகுகிற பனிக்கட்டிக்கு இன்ஜின் பிளாக்கின் வார்ப்பு இரும்பே வழிவிட்டு விரிசல் விடும். கூலண்டில் கலந்திருக்கும் கிளைக்கால் உறைவதையும் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். ஒரே திரவம் நாக்பூர் வெயிலுக்கும் காஷ்மீர்ப் பனிக்கும் சேர்த்தே காவல். தண்ணீர் ஊற்றி ஊற்றி நீர்த்துப்போயிருந்தால் முழுதாக வடித்துப் புதிதாக நிரப்புங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் திரவம் மூடி திறந்த கணம் கொதித்து முகத்தில் அடிக்கும்.

மதுரைவரை சாலை நேராக இருப்பதால் அந்த 44 என்ற நம்பர் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்களுக்கு இது என்.எச். 7. காசியிலிருந்து குமரிவரை வந்த சாலை அது. 2010-இல் நாடு முழுக்க நம்பர்களை மாற்றினார்கள். வடக்கு தெற்காகப் போகிற சாலைகளுக்கு இரட்டைப்படை எண், கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும். கிழக்கு மேற்காகப் போகிறவற்றுக்கு ஒற்றைப்படை எண், வடக்கிலிருந்து தெற்கே வர வரக் கூடும். அதனால்தான் காஷ்மீரில் ஸ்ரீநகர் வழியாக லே போகிற சாலை 1, ராமேஸ்வரம் பக்கம் போகிற சாலை 87. மூன்று இலக்க எண் என்றால் கிளைச்சாலை, கடைசி இரண்டு இலக்கம் தாய்ச்சாலையைக் காட்டும். சேலத்திலிருந்து கோவை வழியாகக் கொச்சி போகும் 544, திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் போகும் 744 இரண்டும் 44-இன் கிளைகள்தான். இது தெரிந்தவருக்கு, செல்போனில் மேப் வேலை செய்யாத இடத்திலும் சாலையோரக் கல்லைப் பார்த்தே திசை புரியும். மஞ்சள் தலை வைத்த கல் தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலை மாநில நெடுஞ்சாலை.

கரூரைத் தாண்டிக் காவிரிப் பாலம் ஏறி இறங்கினால் நாமக்கல். லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகள் நிறைந்த ஊர் அது, இந்தியா முழுக்க ஓடுகிற லாரிகளுக்குத் தாய்வீடு. டயரைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அங்கே ஒரு டீக்கடை வாசலில் உட்கார்ந்து, லோடு ஏற்றிய லாரி ஒன்று வந்து நிற்பதைக் கவனியுங்கள். கிளீனர் இறங்குவார். கையில் ஒரு இரும்பு லீவர். வண்டியைச் சுற்றி நடந்து ஒவ்வொரு டயரையும் ஒரு தட்டுத் தட்டுவார். காற்று சரியாக இருந்தால் லீவர் துள்ளித் திரும்பும், கணீரென்று சத்தம் வரும். குறைந்திருந்தால் மொத்தென்று அடங்கும். பின்பக்கம் இரட்டை டயர் என்பதால், உள்ளே ஒன்று காற்றிறங்கினால் பக்கத்து டயர் பாரத்தைத் தாங்கி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் காதை நம்புகிறார்கள். டீ குடிப்பதற்கு முன்பு டயர், அதுதான் அவர்கள் வரிசை.

கார் டயருக்குக் கண்ணும் போதாது, காதும் போதாது. ரேடியல் டயரின் பக்கச்சுவர் எப்போதுமே கொஞ்சம் பிதுங்கித்தான் தெரியும். ஐந்தாறு பி.எஸ்.ஐ. குறைந்திருந்தாலும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பிரஷர் கேஜ் ஒன்றை வாங்கி டேஷ்போர்டில் வையுங்கள். எவ்வளவு காற்று வேண்டும் என்று டிரைவர் கதவைத் திறந்தால் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும் தாளில் எழுதியிருக்கும். சாமானும் ஆட்களும் நிறைந்த வண்டிக்கு வேறு கணக்கு, அதையும் அதே தாளில் போட்டிருப்பார்கள். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பே அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் நாலு பி.எஸ்.ஐ. வரை கூடுதலாகக் காட்டும். அந்தச் சமயம் பார்த்து அதிகம் இருக்கிறது என்று காற்றை இறக்கிவிட்டால் ஆபத்து அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஏன் ஆபத்து என்று கொஞ்சம் விளக்குகிறேன். மணிக்கு 100 கி.மீ. என்றால் நொடிக்கு 28 மீட்டர். சாதாரணக் கார் டயரின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆக ஒரு நொடியில் பதினாலு, பதினைந்து முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் டயரின் ஒவ்வொரு பகுதியும் தரையைத் தொடும்போது ஒருமுறை நசுங்கி நிமிர்கிறது. காற்றுக் குறைந்தால் அதிகம் நசுங்கும். நசுங்கி நிமிரும்போது ரப்பருக்குள் சூடு உண்டாகும். மணிக்கணக்கில் இப்படிப் போனால் ரப்பருக்கும் உள்ளே பின்னியிருக்கும் இழைக்கும் இடையே ஒட்டு விட்டுப்போகும். டயர் வெடிக்கிறது. காற்று அதிகமாகி வெடித்தது என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் காற்றுக் குறைந்து, சூடாகி வெடித்திருக்கும். நைட்ரஜன் நிரப்பினால் வெடிக்காது என்று நினைப்பதும் வேண்டாம். நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். எதை நிரப்பினோம் என்பதைவிடச் சரியான அளவில் இருக்கிறதா என்பதே முக்கியம்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2321 என்றிருந்தால் 2021-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். வண்டி குறைவாக ஓடியிருக்கலாம், பட்டன் நன்றாக இருக்கலாம். ஆனால் ரப்பர் வெயிலில் நின்றே இறுகிப்போகும். பட்டன் இடுக்கில் சின்ன மேடாக ஒரு குறி இருக்கும், தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான், மாற்றியாக வேண்டும். என் பேச்சைக் கேட்டால் பாதி தேய்ந்த, ஐந்து வருஷத்தைத் தாண்டிய டயரோடு இந்தப் பயணம் வேண்டாம். ஸ்டெப்னியின் காற்றையும் மறக்காதீர்கள், எப்போதும் மறந்துபோகிற டயர் அதுதான். ஒருவேளை ஓட்டத்தில் டயர் வெடித்தே விட்டால், கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். போகவிடாதீர்கள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து நேராக வையுங்கள், ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள், வேகம் தானாக விழுந்த பிறகு ஓரம் கட்டுங்கள்.

சேலத்தைத் தாண்டியதும் தொப்பூர் கணவாய். வடக்கே போகும்போது ஏற்றம், திரும்பி வரும்போது இறக்கம். இறக்கத்தில் கட்டுப்பாடு இழந்த லாரிகள் முன்னால் போகிற வண்டிகளை வரிசையாக மோதிய செய்திகளைப் பேப்பரில் நிறையப் படித்திருப்பீர்கள். பிரேக் பிடிக்கவில்லை என்று செய்தியில் இருக்கும். பிரேக் எப்படிப் பிடிக்காமல் போகிறது என்பதைப் புரிந்துகொண்டால் காஷ்மீர் மலையிலும் பயமில்லாமல் இறங்கலாம்.

பிரேக் செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான், ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது. ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள கார் ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்று வையுங்கள். அந்த இறக்கம் முழுவதையும் பிரேக்கிலேயே பிடித்தால் உண்டாகும் சூட்டில், குடத்தில் இருக்கும் சாதாரணத் தண்ணீர் ஐம்பது லிட்டரைக் கொதிக்க வைத்துவிடலாம். உள்ளங்கை அகல பேடுகளும் நாலு தட்டுகளும் அத்தனையையும் தாங்க வேண்டும். அளவு மீறினால் பேட் வழுக்க ஆரம்பிக்கும். சூடு பிரேக் ஆயிலுக்கும் ஏறும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உள்ளது, பழையதாக ஆக அதன் கொதிநிலை இறங்கிக்கொண்டே வரும். அது கொதித்துவிட்டால் குழாய்க்குள் ஆவிக்குமிழி உண்டாகும். திரவத்தை அழுத்தினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேரும், ஆவியை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். மிதித்த கால் தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

பிரேக் தொல்லை புதிதல்ல. 1888-இல் பெர்தா பென்ஸ் ஜெர்மனியில் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம்வரை, நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், இரண்டு மகன்களோடு கணவர் செய்த மூன்று சக்கரக் காரில் போனார். உலகின் முதல் நீண்ட கார்ப் பயணம் அது. ஏற்றத்தில் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கத்தில் மரக்கட்டைப் பிரேக் தேய்ந்து பிடிக்காமல் போனது. வழியில் செருப்புத் தைப்பவர் ஒருவரைப் பிடித்துக் கட்டையின் மேல் தோலை வைத்து அடிக்கச் சொன்னார் அந்த அம்மா. இன்று நாம் பிரேக் லைனிங் என்று மாற்றுவதன் தொடக்கம் அந்தத் தோல் துண்டு. மேடேற இன்னொரு கியர் வேண்டும் என்று அவர் திரும்பி வந்து சொன்னதால்தான் காரில் கூடுதல் கியர் வைத்தார்கள். நீண்ட பயணம் போய் வந்த ஒருவரால்தான் கார் முழுக் காரானது என்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தருகிற விஷயம்.

அந்தக் கியர்தான் இறக்கத்திலும் துணை. ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று லாரி டிரைவர்கள் சொல்வார்கள். சரியான கணக்கு. இரண்டாவது, மூன்றாவது கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்தமாக ஒருமுறை மிதித்து விட்டுவிடுங்கள், வழி நெடுக லேசாகத் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றாலும் கியரைக் குறைத்து வைக்க வழி இருக்கும், கிளம்புமுன் பழகிக்கொள்ளுங்கள்.

சிலர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுவிடுவார்கள், எரிபொருள் மிச்சம் என்று. கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. இப்போதைய வண்டிகளில் கணக்கு தலைகீழ். கியரில் வைத்தபடி ஆக்சிலேட்டரை விட்டால், சக்கரமே இன்ஜினைச் சுற்றுவதை உணர்ந்து கம்ப்யூட்டர் எரிபொருளை முழுக்க நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் ஊற்றிக்கொண்டே இருக்கும். மிச்சம் பிடிக்கவே நினைத்தாலும் கியரில் இறங்குவதுதான் லாபம். இதைத் தொப்பூர் மேட்டில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் தேவலை.

ஓசூர், பெங்களூரு தாண்டி ஆந்திராவுக்குள் நுழைந்ததும் வேறொரு பாகம் சோதனைக்கு வரும். பெனுகொண்டா, அனந்தபூர், குத்தி, கர்னூல் என்று பாறைக் குன்றுகளும் செம்மண்ணும் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே மாதிரி. ஹைதராபாத்துக்கு அப்பால் நிர்மல், அதிலாபாத், பிறகு நாக்பூர்வரை பருத்திக் காடு. சாலை நன்றாக இருக்கும், திருப்பம் குறைவு, ஏ.சி. இதமாக ஓடும். இங்கே களைப்பது டிரைவர். கண் திறந்தபடியே மூளை மூன்று நாலு நொடி தூங்கிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. நொடிக்கு 28 மீட்டர் என்றேன் அல்லவா? நாலு நொடியில் 110 மீட்டருக்கு மேல். அத்தனை தூரமும் வண்டியை யாரும் ஓட்டவில்லை. விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து, மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் இரண்டிலிருந்து நாலு, இந்த இரண்டு வேளையும் உடம்பின் கடிகாரமே தூக்கத்துக்கு இழுக்கிற நேரம். எத்தனை கெட்டிக்கார டிரைவரும் தப்ப முடியாது.

பாட்டைச் சத்தமாக வைப்பது, ஜன்னலைத் திறப்பது, முகம் கழுவுவது எல்லாம் சில நிமிஷத்துக்கு மேல் உதவாது. டீ உதவும், உடனே உதவாது. குடித்த காபீன் மூளைக்குப் போய் வேலை செய்ய இருபது நிமிஷத்திலிருந்து அரைமணி ஆகும். அதனால் ஸ்ட்ராங்காக ஒரு டீயைக் குடித்த கையோடு, சீட்டைச் சாய்த்து, பதினைந்து இருபது நிமிஷம் தூங்கிவிடுங்கள். விழிக்கிற நேரமும் டீ வேலை செய்யத் தொடங்குகிற நேரமும் சரியாக வந்து சேரும். ஒரு நாளைக்கு 500 கி.மீ.-க்கு மேல் திட்டம் போடாதீர்கள். நாலுவழிச் சாலையில் காருக்குச் சட்டப்படி உச்ச வேகம் 100, மாநிலங்கள் அதைக் குறைத்தும் வைத்திருக்கும். டோல்கேட், ஊர், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் சராசரி அறுபதைத் தாண்டாது. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மாலை வெளிச்சத்திலேயே ரூமுக்குப் போய்விடலாம். டோல்கேட்டைப் பற்றி ஒரு வரி: 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்தக் கார்களுக்கு ஃபாஸ்டேக் வருஷப் பாஸ் கொடுக்கிறார்கள், தொடங்கியபோது விலை 3,000 ரூபாய், ஒரு வருஷம் அல்லது 200 தடவை, தேசிய நெடுஞ்சாலை டோல்களுக்கு மட்டும். போக வரக் கணக்குப் போட்டால் எடுத்துவிடுவதே நல்லது.

நாக்பூருக்கு வடக்கே பெஞ்ச் காடு. புலிகள் சரணாலயத்தை ஒட்டிப் போகிற இந்தத் துண்டுச் சாலை பல வருஷம் வழக்கில் கிடந்தது. கடைசியில் சாலையைத் தூண்களின் மேல் தூக்கிவிட்டு, கீழே மிருகங்கள் கடக்க வழிவிட்டுக் கட்டினார்கள். அதில் பெரியது 750 மீட்டர் நீளம். புலியும் செந்நாயும் காட்டெருமையும் அந்த வழியாகக் கடந்து போவதைக் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன. சாலை போடுகிறவர்கள் மனது வைத்தால் எப்படிப் போடலாம் என்பதற்கு இது நம் நாட்டிலேயே இருக்கும் நல்ல சாட்சி. அந்த இடத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள். தாண்டியதும் சிவ்னி, நர்சிங்பூர் அருகே நர்மதை, சாகர், ஜான்சி, குவாலியர். மொரேனாவுக்கும் தோல்பூருக்கும் நடுவே சம்பல் நதி. மழை அரித்து அரித்து உண்டான மண் பள்ளத்தாக்குகள் இரண்டு பக்கமும் விரியும். பாலத்துக்குக் கீழே ஓடுகிற ஆறு கரியால் முதலைகளின் புகலிடம்.

டெல்லியைத் தாண்டினால் பானிபட், கர்னால், அம்பாலா, லூதியானா, ஜலந்தர். பழைய கிராண்ட் டிரங்க் சாலையின் தடம் இது. ஹரியானாவில் சாலைக்குப் பக்கத்து வயல்களில் ஆளுயரத்துக்குப் பல மடங்கு உயரமான செங்கல் தூண்கள் தெரியும். கோஸ் மினார் என்று பெயர், முகலாயர் காலத்து மைல்கல். ஒரு கோஸ் சுமார் மூன்று கிலோமீட்டர்.

இந்தப் பகுதியில் சோதனை கண்ணுக்கு. டிசம்பர், ஜனவரியில் இரவு தொடங்கிக் காலைவரை இறங்குகிற மூடுபனியை நம் ஊர்ப் பனியோடு ஒப்பிடவே முடியாது. ஐம்பது மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. அப்போது ஹைபீம் போடுவது பெரிய தப்பு. பனி என்பது காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள். மேலே அடிக்கிற வெளிச்சம் அத்தனை துளிகளிலும் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும், முன்னால் வெள்ளைச் சுவர் எழுந்து நிற்கும். லோபீம், கீழே பொருத்திய ஃபாக் லேம்ப், இடது ஓரத்து வெள்ளைக்கோடு, இந்த மூன்றையும் நம்பி மெதுவாகப் போகலாம். நாலு இண்டிகேட்டரையும் ஒளிரவிட்டு ஓட்டாதீர்கள். அது நிற்கிற வண்டிக்கான அடையாளம், நீங்கள் திரும்பப் போவதும் பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் போகும். இதையெல்லாம்விடச் சிறந்தது வெயில் ஏறும்வரை ரூமிலேயே இருந்து பராத்தா சாப்பிடுவது.

ராவி நதியைக் கடந்து லக்கன்பூரில் ஜம்மு காஷ்மீருக்குள் நுழைந்து ஜம்முவை அடையும்போது உயரம் சுமார் 300 மீட்டர்தான். அங்கிருந்து ஸ்ரீநகர் ஏறத்தாழ 250 கி.மீ., இந்தப் பயணத்தின் மிகக் கடினமான தூரம் அது. இப்போது சுரங்கப்பாதைகள் வந்துவிட்டதால் நிறையத் தேவலை. சேனானியிலிருந்து நாஷ்ரிவரை ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கம் 2017-இல் திறந்தது. பட்னிடாப் மலையைச் சுற்றி ஏறி இறங்கிய சுமார் 30 கி.மீ. மிச்சமாயிற்று. பனிஹாலில் 1956 முதல் ஜவஹர் சுரங்கம் இருந்தது, 2,194 மீட்டர் உயரத்தில். குளிர்காலத்தில் அதன் வாயில்வரை ஏறுவதே பனியில் பெரும்பாடு. அதைவிடச் சுமார் 400 மீட்டர் தாழ்வாக மலையைக் குடைந்து எட்டரைக் கிலோமீட்டர் நீளத்தில் புதிய சுரங்கம் 2021 முதல் ஓடுகிறது. சுரங்கத்துக்குள் நுழையுமுன் கூலிங் கிளாஸைக் கழற்றுங்கள், ஹெட்லைட்டைப் போடுங்கள், ஏ.சி.யை வெளிக்காற்று எடுக்காத நிலைக்கு மாற்றுங்கள். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகும்போது கண் பழகச் சில நொடி ஆகும், அந்தச் சில நொடிக்கு முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி கூடுதலாக இருக்கட்டும்.

மேலே போகப் போகக் காற்று மெலியும். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறையப் பத்துச் சதவீதம் இன்ஜினின் பலம் குறையும். ஸ்ரீநகர் 1,585 மீட்டர். டர்போ இல்லாத சின்னப் பெட்ரோல் காரில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் ஏற்றத்தில் மந்தமாகத் தெரியும். வண்டிக்குக் கோளாறு ஒன்றும் இல்லை. ஒரு கியர் குறைத்து, ஏ.சி.யை அணைத்து ஏறுங்கள். டர்போ உள்ள வண்டி காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த உயரத்தில் அதிகம் உணராது. டீசல் வண்டிக்காரர்கள் குளிர்காலத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டீசலில் மெழுகு கலந்திருக்கிறது, கடுங்குளிரில் அது திரண்டு ஃபில்டரை அடைக்கும். குளிர்ப்பகுதியில் விற்கிற டீசல் அதற்கேற்றபடி வரும். லடாக்கில் மைனஸ் 33 டிகிரிவரை உறையாத குளிர்கால டீசலையே 2019-இல் கொண்டுவந்தார்கள். சமவெளியில் நிரப்பிய டாங்கோடு பனிக்குள் போகாமல், அந்தந்த ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் போகலாம்? ஏப்ரல், மே, ஜூனில் நாக்பூர்ப் பக்கம் வெயில் 45 டிகிரியைத் தொடும், டயருக்கும் மனிதருக்கும் கொடுமை. ஜூலை, ஆகஸ்டில் ஜம்முவுக்கும் ஸ்ரீநகருக்கும் நடுவே ராம்பன் மலைச்சரிவு மழையில் இறங்கிச் சாலை அடைபடும். டிசம்பரில் மூடுபனி, ஜனவரியில் பனிப்பொழிவு. என் கணக்குக்கு அக்டோபர்தான் சரி. மாதக் கடைசியில் போய்ச் சேர்ந்தால் ஸ்ரீநகருக்குச் சற்று முன்னால், இதே 44-ஆம் சாலையோரம், பாம்போர் வயல்களில் குங்குமப்பூ பூத்திருக்கும். அதற்கும் முன்பே அனந்தநாக் மாவட்டத்தில் சங்கம், பிஜ்பெஹாரா பக்கம் கிரிக்கெட் பேட் செய்யும் பட்டறைகள். அறுத்த வில்லோ மரத்துண்டுகளைக் காயவைக்கச் சாலையை ஒட்டியே செங்கல் அடுக்குவதுபோல் அடுக்கியிருப்பார்கள். இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு பேட்டும் வாங்கலாம்.

போகுமுன் இரண்டு வேலை பாக்கி. ஜம்முவில் ஒரு நாளை உபரியாக வையுங்கள். ராம்பனில் மண் சரிந்தால் போலீஸ் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், ஜம்முவிலேயே விசாரித்து, சாலை திறந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு விடியலில் கிளம்புங்கள். பிறகு உங்கள் செல்போன். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லக்கன்பூர் தாண்டியதும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு செய்யும். ஊரிலேயே மாற்றிக்கொண்டு போங்கள், வீட்டில் இருப்பவர்கள் ராத்திரி நிம்மதியாகத் தூங்குவார்கள்.